சௌக்கியம் சாரும் பேசாத பெஞ்சும்

"சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நகராமல் நின்ற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லோரும் கேட்டபடியே நடந்து போகிறவர்கள். அந்த ஒருவர் எங்காவது இமயமலைப் பக்கம் பிறந்திருக்கக் கூடாதா? நெய்வேலி டவுன்ஷிப்பில், நான் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில், அதே வரிசையில், எனக்கு முன்னால் நின்று வேலைக்குச் சேர்ந்தார். என் வயிற்றெரிச்சலுக்கும் அன்றுதான் சர்வீஸ் ஆரம்பம்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் சௌக்கியம் சார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். கரும்பு வெட்டப் போய்க்கொண்டே படித்ததால் படிப்பு முடியத் தாமதமாகி, என்னைவிடச் சில வயது மூத்தவராக வந்து சேர்ந்தார். இருவருமே சிவில் இன்ஜினியர்கள். என்னைக் குவார்ட்டர்ஸ் பராமரிப்பில் போட்டார்கள். அவரை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தோட்டப் பிரிவு வேண்டும் என்று அவரே கேட்டார். தோட்டப் பிரிவு என்பது மேலதிகாரிக்குப் பிடிக்காதவர்களை அனுப்பிவைக்கும் இடம். அதைக் கேட்டு வாங்கிய ஒருவரை அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அவர் கேட்கும் முறை இது. எதிரே வரும் ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார். "சௌக்கியமாங்க?" என்பார். "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி நகராது. "இது வாய் சொல்றதுங்க. நீங்க சொல்லுங்க" என்பார்.

ஒரு முறை ஷிஃப்ட் பஸ்ஸுக்காக நின்ற ஒரு மைன்ஸ் ஆபரேட்டரிடம் இப்படிக் கேட்டுவிட்டார். அந்த ஆள் கருங்கல் மாதிரி இருப்பார். முதலில் சௌக்கியம் என்றார். அப்புறம் பரவாயில்லை என்றார். மூன்றாவது தடவை கேட்டதும் ஓவென்று அழுதுவிட்டார். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லையாம், தம்பி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறானாம். பஸ் போய்விட்டது. சௌக்கியம் சார் அவரைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தம்பி வீட்டுக்கு மிதித்தார். தம்பி வீடு என்று நினைத்து இறங்கியது வேறு யாரோ வீடு. எங்கள் டவுன்ஷிப்பில் எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. ஒரே மஞ்சள், ஒரே கேட், ஒரே முருங்கை மரம். அந்த வீட்டுக்காரரும் தன் அண்ணனோடு பேசாதவர். இவர்கள் அழுதுகொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு அவரும் அண்ணனைத் தேடிக் கிளம்பிவிட்டார். அன்று மைன்ஸில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை.

இதற்கப்புறம் அவசரக்காரர்கள் அவரைக் கண்டால் பக்கத்துத் தெருவில் திரும்ப ஆரம்பித்தார்கள். சரி, ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி அவர் ஒரு வாரம் லீவில் போனபோது போய்விட்டது. கேன்டீனில், பஜாரில், தண்ணீர்த் தொட்டி அடியில், எங்கே போனாலும் "சௌக்கியம் சார எங்க காணோம்?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார்கள். நான் மஞ்சள்காமாலையில் ஒரு மாதம் படுத்துக் கிடந்து திரும்பியபோது, கேன்டீன்காரர் கேட்ட ஒரே கேள்வி, "சார், டீயா காபியா?" என்பதுதான். என் குவார்ட்டர்ஸில் பலாமரம் உண்டு. அவர் குவார்ட்டர்ஸில் கிடையாது. ஆனால் சீசனில் பலாப்பழ வாசனை வந்தது அவர் வீட்டிலிருந்துதான். ஆளாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என் வீட்டுப் பழத்தையும் என் மனைவி செண்பகம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவருடைய திட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கப் பக்கமிருந்து காற்று அடித்தால் கொடியில் காயும் வேட்டியில் கரித்தூள் படியும். காற்றை நம்பித் துணியையும் வடாமையும் வெளியே போட்ட பெண்களின் துக்கத்தை இவர் தெருத்தெருவாகக் கேட்டறிந்தார். தண்ணீர்த் தொட்டி உச்சியில் ஒரு கொடி பறக்கவிடுவதென்று முடிவு செய்தார். வெள்ளைக்கொடி என்றால் காயப்போடலாம். கறுப்புக்கொடி என்றால் போட வேண்டாம். வீட்டுப் பெண்களிடமெல்லாம் சொன்னவர், ஷிஃப்டுக்குப் போகும் ஆண்களிடம் சொல்லவில்லை. முதல் நாளே காற்று மாறியது. கறுப்புக்கொடி ஏறியது.

பஜாரில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கின. இறந்துபோன தலைவர் யார் என்று கேட்டார்கள். இன்னும் சிலர் எந்த யூனியன் என்று கேட்டார்கள். ஒரு யூனியன்காரருக்கும் விஷயம் தெரியாது. ஆனால் "நாங்க இல்ல" என்று சொன்னால் அடுத்த யூனியன் பெயர் வாங்கிவிடுமே. மத்தியானத்துக்குள் எல்லா யூனியனும் அந்தக் கொடி தங்களுடையதுதான் என்று அறிவித்துவிட்டன. கேட் மீட்டிங் நடந்தது. கோரிக்கை என்ன என்று நிர்வாகம் கேட்டதும் அவசரமாக யோசித்து, கேன்டீன் டீ டம்ளர் சின்னதாக இருக்கிறது என்றார்கள். நிர்வாகம் பயந்துபோய்ப் பெரிய டம்ளருக்கு ஒப்புக்கொண்டது. வடாம் விஷயம் சாயங்காலம்தான் வெளியே வந்தது. சௌக்கியம் சாருக்கு ஒரு மெமோவும் ஒரு மாலையும் ஒரே நாளில் கிடைத்தன. எனக்கு என் சர்வீஸில் மெமோவும் வந்ததில்லை, மாலையும் வந்ததில்லை. அந்தப் பெரிய டம்ளரில் டீ குடிக்கும்போதெல்லாம் எனக்குக் கசந்தது.

இந்தச் சமயத்தில்தான் நாடு முழுக்க ஸ்மார்ட் சிட்டி பேச்சு கிளம்பியது. எங்கள் சீஃப் இன்ஜினியர் எங்கோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். இனிமேல் ஊர் என்றால் ரோடும் பைப்பும் மட்டும் இல்லை, குடியிருப்பவர்களின் மனசைக் கணக்கில் எடுத்து ஊரை வடிவமைக்க வேண்டும் என்றார். நம் டவுன்ஷிப்பே அதற்கு மாதிரி ஆகலாம், பார்வையிட வெளியிலிருந்து ஒரு குழு வரும், யோசனை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். இத்தனை வருஷமாக ஒழுகும் கூரைக்குத் தார் பூசியவனுக்கு ஒரு வாய்ப்பு. இதில் ஜெயித்தால் பிளானிங் பிரிவின் தலைமை எனக்குத்தான் என்று சீஃப் ஜாடையாகச் சொல்லியும் வைத்தார்.

என் யோசனை முகப்பெட்டி. இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி, அதில் மூன்று பொத்தான்கள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். போகிற வருகிறவர்கள் தங்கள் மனநிலைப்படி ஒன்றை அமுக்க வேண்டும். எந்த பிளாக் எந்த நேரத்தில் சந்தோஷமாக இருக்கிறது என்று என் மேஜையிலிருக்கும் கம்ப்யூட்டரில் கோடு ஓடும். சோதனைக்காக எங்கள் பிளாக் பூங்காவில் முதல் பெட்டியை வைத்தேன்.

நெய்வேலியில் பொத்தானை அமுக்க வைப்பது நான் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. முதலில் வந்தவர் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. "நாங்க அமுக்கலாமா சார், பெர்மனன்ட்காரங்களுக்கு மட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி நின்றார். அடுத்தவர், "யூனியன்ல ஒரு வார்த்த கேட்டுகினு வந்து அமுக்கறேன்" என்று போனவர் வரவே இல்லை. ஒரு கிளார்க் சும்மா இருக்கிற முகத்தை அமுக்கிவிட்டு, இது பிரமோஷனைப் பாதிக்குமா என்று வீடுவரை என் பின்னாலேயே வந்தார். சீஃப் வாக்கிங் வரும் நேரத்தில் மட்டும் சிரிக்கிற முகத்துக்குக் கூட்டம் அலைமோதியது. கோடு ஏறியது. ஏறியதே போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சௌக்கியம் சாரின் யோசனை இரண்டு சிமென்ட் பெஞ்சுகள். என் பெட்டிக்கு நேர் எதிரே, ஒன்றையொன்று பார்த்தமாதிரி போட்டார். ஒன்றில் "பேசும் பெஞ்சு" என்று பெயின்ட்டால் எழுதினார். இன்னொன்றில் "பேசாத பெஞ்சு". முதலாவதில் உட்கார்ந்தால் யாரும் யாரோடும் பேசலாம், கிரேடு பார்க்கக் கூடாது. இரண்டாவதில் உட்கார்ந்தவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. மேலதிகாரியானாலும் சரி, கட்டின மனைவியானாலும் சரி. ஊரையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட மனிதர் கேள்வி கேட்காத பெஞ்சு போட்டதைப் பார்த்து நான் அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் சேரவில்லை.

பேசும் பெஞ்சில் காக்கா உட்கார்ந்தது. பேசாத பெஞ்சுக்குக் கியூ நின்றது. நைட் ஷிஃப்ட் முடித்த ஆண்கள் வீட்டுக்குப் போகுமுன் அதில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மாமியார்கள் வந்தார்கள். மாமியார் எழுந்ததும் மருமகள்கள் வந்தார்கள். யார் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார் என்று அடிக்கடி பெரிய சத்தமாகச் சண்டை நடந்தது. சௌக்கியம் சார் சாயங்காலத்தில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, சண்டை போட்டவர்களைத் தன் பெஞ்சுக்குக் கூட்டிக்கொள்வார். என் பெட்டியின் மேல் ஜனங்கள் காய்கறிப் பையை வைத்துவிட்டுக் கியூவில் நின்றார்கள். பை பட்டு அழுகிற முகம் அமுங்கிக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் என் கோடு பாதாளத்துக்குப் போனது.

குழு வருகிற நாளும் வந்தது. சாயங்காலம் வருவதாக இருந்தது. நான் புது சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியைத் துடைக்க ஒரு துணியோடு முன்கூட்டியே பூங்காவுக்குப் போனேன். குழு வருவதால் கியூவைக் கலைத்துவிட்டிருந்தார்கள். பேசாத பெஞ்சில் ஒரே ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். செண்பகம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த நேரத்துக்கு அவள் வீட்டில் இருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எதிர் பெஞ்சில் சௌக்கியம் சார், வழக்கம்போல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செண்பகம் புதிதாக வந்தவள் மாதிரித் தெரியவில்லை. கைப்பையை ஓரமாக வைத்து, காலை மடக்கி, பழகின இடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் பலாப்பழம், என் டீ, என் கோடு எல்லாம் போய், கடைசியில் இதுவுமா என்று நேராகப் பெஞ்சுக்குப் போனேன்.

"இங்க என்ன பண்ற?" என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை. சௌக்கியம் சார் விரலை உயர்த்தினார்.

"அங்க உக்காந்துகினு இருக்கறவங்கள கேக்கக் கூடாதுங்க."

"என் பொண்டாட்டிய நான் கேக்கக் கூடாதா?"

"வூட்ல கேளுங்க சார், யாரு வேணான்னாங்க. இங்க கூடாதுங்க. பக்கத்துல வேணா உக்காருங்க. அதுக்குத் தடை இல்ல."

கோபத்தில்தான் உட்கார்ந்தேன். எழுந்தால் அவர் ஜெயித்ததாகிவிடும் என்று உட்கார்ந்தே இருந்தேன். கேட்க முடியாதவன் பார்க்கத்தானே வேண்டும். பக்கத்தில் அவளைப் பார்த்தேன். கையில் கறுப்புப் பட்டை வாட்ச் கட்டியிருந்தாள். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்தபோது கட்டியது. கல்யாணமாகி இங்கே வந்தபோது வேலையை விட்டாள், வாட்ச் பீரோவுக்குள் போயிற்று. பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபிறகு வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். அந்த வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதற்குப் புது பேட்டரி போட்டிருக்கிறார்கள், எப்போது என்று எனக்குத் தெரியாது.

கார்கள் வந்து நின்றன. சீஃப் இறங்கினார். பின்னால் குழு. அதன் தலைவி பருத்திப் புடவையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்த ஓர் அம்மாள். சீஃப் என்னைப் பார்த்து, வா என்று கையை ஆட்டினார். நான் பாதி எழுந்துவிட்டேன். அப்போது செண்பகம் என் புது சட்டையின் கையைப் பிடித்தாள்.

"இருங்க" என்றாள்.

இருந்தேன். பிளானிங் பிரிவின் தலைமை நாற்காலி என் கண்முன்னே பிளானிங் பிரிவுக்கே திரும்பி நடந்து போனது. சீஃப் முகம் சிவந்து என்னை நோக்கி வந்தார். சௌக்கியம் சார் குறுக்கே போய் நின்றார்.

"அது பேசாத பெஞ்சுங்க. அவரு எழுந்தாத்தான் கேக்கலாம். பொட்டிய பத்தி நான் சொல்றங்க."

சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை. என் பெட்டியை மட்டம் தட்டியிருந்தால் நான் நிம்மதியாக அவரை வெறுத்திருப்பேன். இது தன் பேட்ச்காரர் யோசனை, ஒரு ஆளைத் தடுத்து நிறுத்தாமலேயே அவன் மனசைக் கேட்கிற சாமர்த்தியம் தனக்கு வரவில்லை, எனக்கு வந்தது என்று உருகி உருகிச் சொன்னார். ஒவ்வொரு முகத்தையும் அமுக்கிக் காட்டினார். அழுகிற முகத்தை அமுக்கும்போது அவர் முகமும் கொஞ்சம் அழுதது. குழுத் தலைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், உட்கார இன்னொரு பேசாத பெஞ்சு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் எங்கள் பெஞ்சின் மறு ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். டெல்லி, சென்னை என்று அலைந்த களைப்போ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார். சீஃப் அவரை எதுவும் கேட்க முடியாமல் காருக்கும் பெஞ்சுக்குமாக நடந்தார்.

அவர்கள் அறிக்கையில் பெஞ்சைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. என் பெட்டியைப் பற்றி, "அருகில் ஒரு பெட்டியும் உள்ளது" என்று இருந்தது.

கார்கள் போனபிறகு செண்பகம் பேசினாள். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் அவளைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். வருகிறேன் என்று சொல்ல மனசு பாதி முடிவு செய்திருந்தது.

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் தெனமும் நெனைப்பேன். நீங்க வந்ததும் அந்தப் பொட்டியில இன்னைக்கு எத்தனை பேரு சிரிச்சாங்கன்னு சொல்லுவீங்க. சரி, ஊரே சிரிக்குதே, நாம எதுக்கு நடுவுலன்னு விட்டுருவேன்."

அவளுக்குத் துக்கம் என்று சொல்ல முடியாது, கோபமும் இல்லை. இந்த ஊரில் அத்தனை வருஷமும் அவள் பெயர் 'இன்ஜினியர் வீட்டம்மா' என்றாள். கேட்கக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் போய்விடுவாள் என்று அதுவரை என் மண்டையில் உதித்ததே இல்லை. ஆனால் பயத்தைவிட முன்னால் வந்து நின்றது வேறு ஒன்று.

"அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டியா?" என்று எதிர் பெஞ்சைக் காட்டினேன்.

"அவரு கேக்கவே இல்லியே. ஊரையே நிறுத்திக் கேக்குதாரு, என்னைய மட்டும் ஒரு நாளும் கேக்கல. அதனாலதான் தெனமும் வந்தேன்."

சௌக்கியம் சார் அந்தப் பக்கம் திரும்பி, ஒரு செம்பருத்திச் செடியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க எதுவும் இல்லை, பூவே பூக்கவில்லை.

"போகணும்னு இருக்கா?" என்று நான் கேட்டேன். பேசாத பெஞ்சின் சட்டத்தை மறுபடியும் மீறித்தான் கேட்டேன். சௌக்கியம் சார் விரலை உயர்த்தவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு இருக்கு" என்றாள் செண்பகம். "ஊருக்குப் போகணும்னு இருக்கான்னா, யோசிக்கணும்."

மறுநாள் அவளே எதிர் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். பேசும் பெஞ்சின் முதல் உண்மையான வாடிக்கையாளர் என் மனைவிதான். அங்கே பேசிய பேச்சில் நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இடம் காலியாக இருப்பது தெரியவந்தது. அந்தத் தகவலையும் சௌக்கியம் சார்தான் கொடுத்தார். ஒன்றையாவது எனக்கு விட்டுவைத்தாரா பாருங்கள். அவள் சேர்ந்துவிட்டாள். காலையில் பஸ்ஸில் போவாள், சாயங்காலம் சாக்பீஸ் தூசியோடு வருவாள். வந்ததும் பேசுவாள். நானும் பேசுவேன். பெட்டி துருப்பிடித்துப்போய் ஸ்டோருக்குத் திரும்பியது. அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

சில வருஷத்தில் சௌக்கியம் சார் ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். யாராக இருந்தாலும் அதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். அவர் சாமான் ஏற்றிய லாரி மேல்பட்டாம்பாக்கம் போகக் கிளம்பியபோது தெருவில் நடக்க இடமில்லை. ஒவ்வொருவரிடமும் சௌக்கியமா என்று கேட்டு, பதிலுக்கு நின்று, காலையில் கிளம்ப வேண்டிய லாரி பொழுது சாயத்தான் கிளம்பியது. சாவியை வாங்கவேண்டிய பராமரிப்புப் பிரிவு அதிகாரி நான். அவர் வீட்டுச் சுவரில் ஆணி அடித்த ஓட்டை இருக்கிறதா என்று ரூம் ரூமாகப் பார்த்தேன். ஓட்டை இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேல்பட்டாம்பாக்கம் நெல்லிக்குப்பத்துக்குப் பக்கம். அதனால் செண்பகம் அவரை அடிக்கடி பார்க்கிறாள். "இன்னைக்கு சௌக்கியம் சாரைப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் நானும் பஸ் ஏறினேன். மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கி டீக்கடையில் வழி கேட்டேன்.

"சௌக்கியம் சாரா? தோ, அந்த வேப்பமரத்தாண்ட பாருங்க, பெஞ்சு போட்டுகினு உக்காந்துகினு இருப்பாரு. அவசர வேல இருந்தா மட்டும் அந்தப் பக்கம் போவாதீங்க."

போனேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், ஸ்கூட்டர் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற அதே பிடி. "சௌக்கியமாங்க?" என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வேலை இருக்கிறது என்று கையை உதறிக்கொண்டு போயிருக்கிறேன். அன்று நின்றேன். சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு பஸ் போயிற்று, அடுத்ததும் போயிற்று. நடுவில் அந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் உரிமையோடு வந்து, "சார், இன்னும் எவ்ளோ நேரம்? நாங்க காத்துகினு இருக்கோம்" என்று என்னை முறைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்கள் அத்தனை பேர் மீதும் வயிற்றெரிச்சல் பட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.